வாய் தெரியாத காலம்

மாஸ்டருக்கு வாய் ஓயாது. துணி வெட்டும்போதும் பேசுவார், தைக்கும்போதும் பேசுவார். ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும், நூல் நுனியை உதட்டில் ஈரப்படுத்த வேண்டியிருப்பதால், கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவிக்கோ காது கேட்காது. "எங்க அண்ணன் பேச்சைக் கேக்காம இருக்கறதுக்கும் ஒரு குடுப்பினை வேணும் அண்ணி" என்று எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த நாத்தனார் அடிக்கடி கேலி செய்வாள். மாஸ்டரக்காவும் சேர்ந்து சிரிப்பாள். தெருவே அவளை மாஸ்டரக்கா என்றுதான் கூப்பிட்டது. கூப்பிட்டது என்பது சும்மா ஒரு பேச்சுக்கு.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் உயிரை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு அவள் காதை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அதற்குள் பேச்சு வந்துவிட்டதால் பேசுவாள். சத்தம் எவ்வளவு என்று தெரியாமல் கொஞ்சம் உரக்கவே பேசுவாள். பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. எண் தெரியும், இன்ச் டேப் தெரியும், எழுத்தைக் கூட்டிப் படிக்க வராது. மற்றபடி அவளுக்கு வேண்டியதெல்லாம் அடுத்தவர் உதட்டில் இருந்தது. யார் பேசினாலும் கண்ணை எடுக்காமல் வாயையே பார்ப்பாள். புதிதாக வருகிறவர்கள் மீசையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துக்கொள்வார்கள்.

மற்றத் தையல் கடைகளில் மிஷினைத் தெருவைப் பார்த்துப் போட்டிருப்பார்கள். வீட்டின் முன்னறையில் இருந்த இவர்கள் கடையில் இரண்டு மிஷினும் ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன. வாசல் வெளிச்சம் மாஸ்டர் முகத்தில் விழும். அவள் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். காலால் மிதித்துக்கொண்டே துணியை ஒரு தடவை பார்ப்பாள், அவர் வாயை ஒரு தடவை பார்ப்பாள். அவருக்கும் இது பழகிவிட்டது. ஆள் முன்னால் சத்தமாகச் சொல்லக் கூடாததையெல்லாம் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து அவளுக்குச் சொல்வார். அளவு கொடுக்க நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் டேப்பைப் பிடித்தபடியே, "போன தடவையை விட ரெண்டு இன்ச் ஏறிடுச்சு. பொண்டாட்டி கைப்பக்குவம்" என்பார். அவள் பொத்துக்கொண்டு சிரித்துவிடுவாள். "என்னம்மா சிரிக்கிறே?" என்று அந்த ஆள் கேட்பார். "அவ அப்படித்தான் சார், நூல் அறுந்தாக்கூடச் சிரிப்பா" என்று மாஸ்டர் முகத்தில் ஒன்றும் இல்லாத மாதிரி சொல்வார்.

நோய் வந்தபோது தெரு முதலில் அதை நம்பவில்லை. அப்புறம் அளவுக்கு மீறி நம்பியது. பால்காரர் காசை நேராக வாங்காமல் குவளையில் போடச் சொன்னார். வெளியே போய் வந்தவர்களை வீட்டுக்காரர்களே வாசலில் நிறுத்திக் குளிப்பாட்டினார்கள். மாஸ்டர் கடை வாசலில் சோப்புத் தண்ணீர் வாளி வைத்தார். துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்துத் தெருவில் தள்ளித் தள்ளி வட்டம் போட்டார். தைக்க வந்த துணியைக் கொடியில் ஒரு பகல் முழுக்க வெயில் காட்டிய பிறகுதான் உள்ளே எடுத்தார்கள். தொட்டு அளவெடுக்கக் கூடாது என்று ஆனதும் டேப்பை வாசல் நாற்காலியில் வைத்து, "நீங்களே எடுத்துச் சொல்லிடுங்க" என்றார். வந்தவர்கள் மூச்சை இழுத்துத் தொந்தியை எக்கிக்கொண்டு அளவு சொன்னார்கள். அந்த மாதம் தைத்த பேன்ட் ஒன்றுகூட யாருக்கும் ஏறவில்லை.

பிறகு பேன்ட்டும் நின்றது. வீட்டுக்குள்ளேயே கிடக்கிறவர்களுக்குப் புதுத்துணி எதற்கு? மாஸ்க் மட்டும்தான் என்று ஆகிவிட்டது. பருத்தித் துணி இரண்டு அடுக்கு, நடுவில் மூன்று மடிப்பு, மூக்கில் படிய மேல் விளிம்பில் ஒரு மெல்லிய கம்பி, பக்கத்துக்கு ஒரு எலாஸ்டிக். மாஸ்டர் அட்டை வைத்து வெட்டித் தள்ளுவார், அவள் மடிப்பு வைத்துத் தைத்துத் தள்ளுவாள். காற்றில்லாத வெயில் காலம். மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் கல்லாகும். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறித் தும்மினால் தெருவில் போகிறவர்கள் ஓட்டம் பிடிப்பார்கள். மத்தியானம் ரொட்டியும் அவித்த முட்டையும் மிஷின் பலகையிலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். தெருவில் பாதி முகங்களில் இருந்தது அவள் தைத்ததுதான்.

தைக்கும்போது அவளுக்கு இது தோன்றவில்லை. ஒரு நாள் ரொட்டிக் கடைக்குப் போனபோதுதான் உறைத்தது. கடைக்காரர் ஏதோ சொன்னார். அவர் முகத்தில் துணி உள்ளே போய் வெளியே வந்தது, அவ்வளவுதான். "என்ன?" என்றாள். துணி இன்னும் வேகமாக அசைந்தது. பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள். அங்கேயும் துணி. எல்லாம் அவள் வைத்த மடிப்பு. கடைக்காரரின் கண் கோபமாகிவிட்டது, எதற்கு என்றுதான் தெரியவில்லை. ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்து, "எல்லா வாயையும் நானே தைச்சு மூடிட்டேங்க" என்று மாஸ்டரிடம் அழுதாள்.

"அடச்சே, இதுக்கா? காசை வாசல்ல கூடையில போடச் சொல்லியிருப்பாரு. இனிமே கடைக்கு நான் போறேன். எவன் என்ன பேசினாலும் உனக்கு நான் சொல்றேன். நான் எதுக்கு இருக்கேன்?"

சொன்னபடி செய்தார். வாசலில் யாராவது பேசினால் கேட்டுக்கொள்வார், திரும்புவார், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்குவார், அவளுக்குச் சொல்வார், ஏற்றுவார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கணக்கில்லை.

"மாஸ்க்கை ஏத்துங்க. அந்தாளு இன்னும் வாசல்லதான் நிக்கிறாரு."

"ஏத்தினா உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாட்டிப் போகுது. நாடா வச்சதா, எலாஸ்டிக் வச்சதான்னு கேட்டிருப்பாரு. வேற என்ன ரகசியம் சொல்லப் போறாரு?"

"அதைத்தான் கேட்டாரு. கூடவே அவரு மாமியாரைப் பத்தி ஒண்ணு சொன்னாரு."

"சொல்லாதீங்க. மொதல்ல ஏத்துங்க."

"சரி, சொல்லலை."

வந்தவர் பையை வாங்கிக்கொண்டு நகரக்கூட இல்லை, கை மறுபடியும் தாடைக்குப் போய்விட்டது. "மருமகன் வெளிய போயிட்டு வந்தா மாமியாரு பூச்செடிக்குத் தெளிக்கற மாதிரி மருந்துத் தண்ணி தெளிக்கிறாங்களாம். மனுஷன் வெளுத்துக்கிட்டே வர்றாரு, நீ வேணா பாரு."

அவள் சிரித்துத் தொலைத்தாள். பிற்பாடு அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துத்தான் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

நோய் எப்படி வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. மாஸ்டரக்காவுக்கு மட்டும் அதில் சந்தேகமே இல்லை. தாடையில் தொங்கிய மாஸ்க்கால் வந்தது. அது தாடையில் தொங்கியது அவளால்.

ஒரு காலை அவள் தையலிலிருந்து நிமிர்ந்தபோது எதிரே மாஸ்டரின் வாய் அசையவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்தபடி துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, பேச்சே காணோம்?"

"அசதியா இருக்கு."

"கஞ்சி குடிச்சீங்களே, உப்பு சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் உப்பே போடலைங்க. மறந்துட்டேன். அப்புறம் நான் குடிக்கும்போதுதான் தெரிஞ்சுது."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு மாஸ்க்கை எடுத்து மூக்குக்கு மேலே வரைக்கும் ஏற்றிக்கொண்டு, கத்தரிக்கோலை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் முன்னால் அவர் ஒழுங்காக மாஸ்க் போட்டது அன்றைக்குத்தான்.

காய்ச்சல் ஏறியது. முகாமில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள், இருக்கிறது என்றார்கள். அவளுக்கும் பார்த்தார்கள், இல்லை என்றார்கள். இல்லாமல் போனதில் அவளுக்கு என்ன சந்தோஷம்? தட்டைக் கதவருகே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். அவர் கதவை ஒரு சாண் திறந்து எடுத்துக்கொள்வார். அறையின் கோடிச் சுவர் வரைக்கும் போய் நின்று மாஸ்க்கை இறக்கி ஒரு வார்த்தை பேசுவார். ஜன்னல் வெளிச்சம் அவருக்குப் பின்னால் இருக்கும், முகம் இருட்டாகிவிடும். "வெளிச்சத்துக்கு வாங்க" என்பாள். அவர் நகர்ந்து நிற்பதற்குள் இருமல் வந்துவிடும். அவர் எதைச் சொல்ல வந்தாரோ அது அத்தோடு போய்விடும்.

மூச்சு வாங்க ஆரம்பித்ததும் நாத்தனார்தான் போன் செய்து வண்டியை வரவழைத்தாள். பின்மத்தியானம் வண்டி வந்தது. தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில் இரண்டு பேர் இறங்கினார்கள். மாஸ்டர் நடந்தேதான் வந்தார், ஆனால் வாசலில் நின்று, தெருவில் நின்று, வண்டிப் படியில் நின்று. ஏறும்போது திரும்பிப் பார்த்தார். மாஸ்க் உள்ளே போய் வெளியே வந்தது. ஏதோ சொல்கிறார்.

"என்னங்க? என்ன சொல்றீங்க?"

அவர் கை தாடைக்குப் போனது. உடுப்புக்காரர் ஒருவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் வீட்டில் பிள்ளை குட்டி இருக்கும். மாஸ்டர் கண்ணால் எதையோ காட்டினார். கதவைச் சாத்திவிட்டார்கள். "என்னங்க? என்னன்னு யாராவது சொல்லுங்களேன்!" என்று அவள் தெருவைப் பார்த்துக் கத்தினாள். ஜன்னலுக்கு ஜன்னல் முகம் இருந்தது, ஒரு முகத்திலும் வாய் இல்லை.

அன்று சாயங்காலமே வாசலை அடைத்துக் கயிறு கட்டினார்கள். இரண்டு வாரம் அவள் வெளியே வரக் கூடாது, யாரும் உள்ளே போகக் கூடாது. கயிறு கட்டிய பெண் நெடுநேரம் ஏதோ விளக்கினாள். மாஸ்டரக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மறுநாள் காலை எதிர்மாடி ஜன்னலில் நாத்தனார் வந்து நின்று கையை ஆட்டினாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மாஸ்க்கைக் கழற்றியிருந்தாள். நல்ல நாளிலேயே நாத்தனாருக்குப் பேச்சு பல்லுக்குள்தான் நடக்கும். இப்போது அண்ணிக்குப் புரியட்டும் என்று பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி வாயைப் பிளந்தாள்.

"அப்படிப் பொளக்காதே. ஒண்ணும் புரியலை. சாதாரணமாப் பேசு" என்று கீழேயிருந்து மாஸ்டரக்கா கத்தினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன் அண்ணி. அண்ணன் நல்லா இருக்காராம்."

"நல்லா இருக்கறவரை எதுக்கு அங்க வச்சிருக்காங்க?"

"மூச்சுதான் கொஞ்சம் கம்மியா இருக்காம். ஆக்ஸிஜன் வச்சிருக்காங்களாம்."

"வலிக்குமா?"

"வலிக்காது அண்ணி. மூக்கையும் வாயையும் மூடி பிளாஸ்டிக்ல ஒண்ணு மாட்டிவிடுவாங்க. அதைக் கழட்டாம இருந்தாப் போதும்."

மாஸ்டரக்கா கயிற்றோரம் வந்து நின்றாள். பிறகு கேட்டாள்: "வண்டியில ஏறும்போது என்னமோ சொன்னாரே. உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்னன்னு சொல்லு."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பினால் அண்ணிக்குப் பேச்சு அறுந்துபோகும் என்று நினைவு வந்ததும் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினாள். "பால் அடுப்புல இருக்கு, பொங்கிடப் போகுதுன்னு சொன்னாரு அண்ணி."

ராத்திரியெல்லாம் என்னவாக இருக்கும், என்னவாக இருக்கும் என்று புரண்டவள் அவள். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகிக் கிடந்ததை முந்தின நாள் விளக்கேற்றும் நேரத்தில்தான் பார்த்திருந்தாள். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கயிற்றுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்து அழுதாள். நாத்தனாரும் மேலே அழுதாள்.

"என்னால வர முடியலை அண்ணி. எங்க வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு. எனக்கு ஏதாவது ஒட்டிக்கிச்சுன்னா இவரு தாங்க மாட்டாரு."

"உன்னை யாரும்மா வரச் சொன்னா? நீ வந்தா நானே கட்டையை எடுத்து வெரட்டுவேன். அவர் முகத்தை ஒரு தடவை காட்டச் சொல்லு. அது போதும்."

"கேட்டிருக்கேன். அங்க நர்ஸுங்களுக்குக் கை ஒழிஞ்சாத்தான்."

கை ஒழியவில்லை. தினமும் ஜன்னலில் நாத்தனார் வருவாள். "அப்படியேதான் இருக்காராம்" என்பாள். ஒரு நாள் "கொஞ்சம் கம்மியாம்" என்றாள். என்ன கம்மி என்று கேட்டதற்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெயில் போய்த் தூறல் பிடித்தது. முன்னறையில் தைத்து முடித்த மாஸ்க் மூட்டை கட்டியபடி கிடந்தது. நோய் வந்த வீட்டு மாஸ்க்கை எவர் வாங்குவார்? இருந்தாலும் அவள் மிஷினில் போய் உட்காருவாள். கால் சும்மா இருக்க மறுத்தது. பழக்கத்தில் இரண்டு தையலுக்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள். எதிர் மிஷின் உறை போட்டுக் கிடக்கும். ஊசி விரலில் ஏறிய பிறகு தைப்பதை விட்டாள்.

ஒரு காலையில் நாத்தனார் கீழே இறங்கி ஓடி வந்தாள். முகத்தில் மாஸ்க், கையில் ஸ்டூல். ஸ்டூலின் மேல் போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, துடைப்பக் கட்டையால் தள்ளித் தள்ளிக் கயிற்றோரம் கொண்டுவந்து சேர்த்தாள். அவசரமாகப் பின்வாங்கித் தன் வீட்டுப் படியில் போய் நின்றுகொண்டு, பார், பார் என்று கையைக் காட்டினாள். தூறல் விட்டு வெயில் அடித்தது. மாஸ்டரக்கா கயிற்றுக்கு உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போனுக்குள் வெயில் விழாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

முதலில் கூரை தெரிந்தது. பிறகு உடுப்புக்குள் மூடிய ஒரு நர்ஸ். பிறகு மாஸ்டர். தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. மூக்கையும் வாயையும் மூடி அந்தப் பிளாஸ்டிக் மூடி. அதில் மூச்சு ஆவியாகப் படிந்து உள்ளே வாய் மங்கலாகக் கிடந்தது.

"என்னங்க!"

மாஸ்டர் அவளைப் பார்த்தார். பார்த்ததுமே கை எழுந்தது. கடையில் செய்வது போலவே மூடியைப் பிடித்துத் தாடைக்கு இறக்கினார்.

"சாப்பிட்டியா?"

நாத்தனார் படியிலிருந்து காதைக் காட்டிக் கையை விரித்தாள், ஒன்றும் கேட்கவில்லையாம். சத்தம் வரும் அளவுக்கு அவரிடம் மூச்சு இல்லை. உதடு மட்டும் அசைந்தது. இந்த உலகத்தில் அவர் பேசுவதைப் புரிந்துகொள்ள அன்றைக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன். நீங்க அதை மாட்டுங்க. கழட்டாதீங்க."

உறை போட்ட கை ஒன்று வந்து மூடியை ஏற்றிவிட்டது. மாஸ்டர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். நெஞ்சு ஏறி இறங்கியது. கை மறுபடியும் எழுந்தது.

"இந்தம்மா போட்டிருக்கற உடுப்பைப் பாரு. தோள் தையல் கோணல். எவன் வெட்டினானோ."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னார் என்று அவர் கண் சொன்னது. மூடி ஏறியது. மறுபடியும் இறங்கியது.

"எனக்கு..." வாய் திறந்தபடியே நின்றது. மூச்சு வந்து சேர வேண்டியிருந்தது. "பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அந்த வாயில் அவள் பார்த்ததில்லை. "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்றாள். அவள் இருந்து என்ன பிரயோஜனம்? கயிற்றுக்கு உள்ளே இருந்தாள். அவர் உதட்டைப் பார்த்தாள். அந்த உதட்டை அவளைப் போலப் பார்த்தவர்கள் கிடையாது. அது நீலம் பாரித்திருந்தது.

நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள். போனிலிருந்து ஏதோ சத்தம் வந்திருக்க வேண்டும், நாத்தனாரின் கண் பயந்துபோயிருந்தது. வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். போனில் உறை போட்ட கை மூடியை ஏற்றப் பார்த்தது, மாஸ்டரின் கை அதைத் தள்ளியது.

"ஒண்ணு சொல்லணும். நீ..."

அவளுக்கு அப்போது புரிந்தது. அவள் பார்க்கிற வரைக்கும் அவர் பேசுவார். பேசுகிற வரைக்கும் கழற்றுவார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்!

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நான் பாக்கலை!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். "கண்ணை மூடிட்டேன்! நீங்க என்ன பேசினாலும் எனக்குத் தெரியாது. பேசாதீங்க. மாட்டிக்குங்க அதை. மாட்டிக்குங்க!"

போனில் மாஸ்டரின் வாய் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூடியது. நர்ஸ் பிளாஸ்டிக் மூடியை ஏற்றிப் பட்டையை இழுத்துவிட்டாள். இந்தத் தடவை அவர் கை எழவில்லை.

"அண்ணி, மாட்டிட்டாங்க!" என்று நாத்தனார் கத்தினாள். "கண்ணைத் தொறங்க அண்ணி! அண்ணன் உங்களையேதான் பாத்துட்டிருக்காரு! தொறங்க!"

யாரிடம் கத்துகிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தெருவில் வந்த பால்காரரும் கத்தினார். ஜன்னல்களிலிருந்து எல்லோரும் கத்தினார்கள். போய்த் தோளைத் தொட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம். நாத்தனார் கயிறு வரைக்கும் ஓடி வந்தாள். கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். மேலே ஜன்னலில் அவள் புருஷன் இருமிக்கொண்டிருந்தார்.

ஸ்டூலின் மேல் மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டரக்கா கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டாள். எப்போது திறக்கலாம் என்று அவளுக்கு யார் சொல்வது?